தரையில் வரைந்த மூன்று படிகள்

தொண்ணூறுகளின் கடைசியில், திருத்தணி மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நான்தான் ஆங்கில டீச்சர். டென்ஸ் என்றாலே பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். போர்டில் கட்டம் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கிற வேலை எனக்கு ஒத்துவராது. வகுப்புத் தரையில் சாக்பீஸால் மூன்று படி வரைந்தேன். கீழே நேற்று, நடுவில் இன்று, மேலே நாளை. எந்தப் படியில் நிற்கிறாயோ அந்தக் காலத்தில் ஒரு வாக்கியம் சொல்லணும். தப்பானால் இறங்கு. மலைப்படி ஏறாத பிள்ளை எங்கள் ஊரில் ஏது? ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

சத்தம்தான் பிரச்சினை. குதிப்பதும் கூவுவதுமாக வகுப்பு அதிரும். பக்கத்து அறைதான் பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டென்ட்டின் அறை. ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா இது, கிளாஸா, சந்தையா? கத்துறது நாலு பசங்க. மத்ததெல்லாம் வேடிக்கை பாத்துகினு நிக்குது."

கடைசி பெஞ்சைக் காட்டினார். அங்கே இருந்தவள் பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், என் வகுப்பில் மூச்சு விடமாட்டாள்.

"வெள்ளிக்கிழமை வந்து உக்காருவேன். அந்தப் பொண்ணு மூணு வாக்கியம் பேசட்டும். பேசலைன்னா திங்கட்கிழமைலேருந்து நீங்க எல்கேஜிக்குப் போயிடுங்க. இங்க வேற ஆளப் போட்டுக்கறேன்."

பிள்ளைகள் அத்தனை பேர் எதிரிலும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேசுவா சார், வாங்க" என்று சொல்லிவிட்டேன். எல்கேஜியில் உட்கார்ந்து கைதட்டிப் பாட்டுச் சொல்வதற்கா இவ்வளவு படித்தேன்? இந்த வகுப்பை நான் விடுவதாக இல்லை.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே போய்த் தரையைக் கழுவிவிட்டு, கலர் சாக்பீஸில் படிகளைப் புதிதாக வரைந்தேன். வருகிறவர் கண்ணுக்கும் லட்சணமாக இருக்கட்டுமே என்று, மலையில் படி பூஜைக்குச் செய்கிற மாதிரி ஒவ்வொரு படியிலும் மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்தேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

கரஸ்பாண்டென்ட் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வகுப்பிலேயே வாயாடியான குருக்கள் வீட்டுப் பெண் ஓடிவந்து, முதல் படிக்கு முன்னால் டக்கென்று நின்றாள்.

"என்னடி, ஏறு."

"குங்குமம் வெச்சிருக்குது மிஸ். எப்படி மிதிக்கிறது?"

"மலையில மட்டும் ஏறல?"

"மலையில படி முகப்புல வெப்பாங்க மிஸ். நீங்க கால் வெக்கிற எடத்துலயே வெச்சிட்டீங்களே!"

அட கடவுளே! தரையில் தட்டையாக வரைந்த படிக்கு நிமிர்ந்து நிற்கிற முகப்பு எங்கே இருக்கிறது? ஒருத்தரும் நகரவில்லை. கரஸ்பாண்டென்ட் வாட்ச்சைப் பார்த்தார். ஈரத்துணி கொண்டுவாங்க என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். குங்குமத்தைத் தரைத்துணியால் துடைத்தால் அதற்கு வேறு தனியாகப் பஞ்சாயத்து வரும்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்து வந்தாள். படிக்கு முன்னால் குந்தினாள். மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள். மீதியையும் மஞ்சளோடு வழித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தில் ஏறி நின்றாள்.

"எஸ்டர்டே..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். வேறு நாளாக இருந்தால் இந்நேரம் பின்னாலிருந்து ஒருவன் தள்ளியிருப்பான். கையில் குங்குமத்தோடு நிற்கிறவளை அவசரப்படுத்துகிற பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. எல்லோரும் பேசாமல் காத்திருந்தார்கள்.

"எஸ்டர்டே ஐ வென்ட் டு த ஹில்."

இரண்டாவது படி. மறுபடி குந்தினாள், தொட்டு இட்டாள், வழித்தாள், ஏறினாள். "டுடே ஐ ஸ்டாண்ட் ஹியர்." அவளுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. யோசிக்க இவ்வளவு நேரம் யாரும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது படியில் ஏறியதும் என்னைப் பார்க்கவில்லை. நேரே கரஸ்பாண்டென்ட்டைப் பார்த்தாள்.

"டுமாரோ மிஸ் வில் கம்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஆங், வருவாங்க, வருவாங்க" என்றார்.

வாயாடி விடுவாளா? வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று சுவரில் எழுதி வைத்ததே அவர்தான்.

"சார், இங்கிலீஷ்ல சொல்லணும் சார்! படியில ஏறித்தான் சொல்லணும்!"

அவர் என்னைப் பார்த்தார். நான் மூன்றாவது படியைக் கையால் காட்டினேன்; அந்தப் பெண் இறங்கி வழிவிட்டாள். அவரே எழுந்தார். மூன்றாவது படியில் குங்குமம் போய் லேசான மஞ்சள் கறைதான் மிச்சம் இருந்தது. இருந்தாலும் குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் காலோடு ஏறி நின்று, குருவி மாதிரிச் சின்னக் குரலில் சொன்னார்.

"டுமாரோ மிஸ் வில் கம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மறுநாள் சனிக்கிழமை, லீவு என்பதை ஒருத்தரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்புக்குள் போனேன். எனக்கு முன்பே யாரோ தரையில் படி வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் கீழே, குங்குமம் வைப்பதற்கென்று, ஒரு முகப்பும் வரைந்திருந்தது.