உள்ளங்கையில் விழும் தண்ணீர்

என் ஓரகத்தியை ஆலையில் எல்லாரும் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவருடைய அண்ணன் மனைவி. அண்ணன் காலமான பிறகு அவர் பார்த்த வேலை அக்காவுக்குக் கிடைத்தது. நாங்கள் இருவரும் ஒரே சமையலறையில் புழங்குகிறவர்கள். குரல் உயர்ந்ததே இல்லை என்றால் பொய். ஆனால் எந்தச் சண்டையும் சாப்பாடு ஆறும்வரை நீண்டதில்லை.

ஆஸ்பத்திரிக் கழிவை அழிக்கிற ஆலை அது. அடுப்பு என்று சொல்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது சாதாரண நெருப்பு இல்லை. மின்னலைப் பிடித்துக் குழாய் முனையில் கட்டிவைத்த மாதிரி ஒரு வெளிச்சம். பிளாஸ்மா என்று பெயர். அந்தச் சூட்டில் ஊசி, பஞ்சு, பிளாஸ்டிக் எதுவும் தன் உருவில் நிற்காது, அணு அணுவாகப் பிரிந்துபோகும். அப்படிப் பிரிந்தது மெல்ல ஆறினால், ஒன்றையொன்று தேடிப் பிடித்து மறுபடி சேருமாம், விஷமாகவும் சேருமாம். அதற்கு நேரமே கொடுக்காமல், கண் இமைக்கும் முன் தண்ணீரைத் தூவி ஆற்றிவிட வேண்டும். அதுதான் அக்காவின் வேலை.

“பாகம் பிரிச்சுக்கிட்ட பங்காளிங்க மாதிரிடி. வாசல்ல நின்னு பேச விட்டா மறுபடி கூடிடுவாங்க, ஊருக்கு ஆகாது,” என்று அக்கா எனக்கு விளக்கினார். என் கணவர் முறைத்தார். “உங்களச் சொல்லல தம்பி.”

தினமும் அடுப்பு மூட்டும் முன் அக்கா தண்ணீரைத் திறந்துவிட்டு, பக்கத்துச் சின்னக் கதவு வழியாகக் கையை நீட்டி, தண்ணீர் தூவும் ஒவ்வொரு முனைக்கும் கீழே உள்ளங்கையைக் காட்டுவார். உதடு அசையும். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று நான் கேட்டதில்லை.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். எங்கள் தெருவுக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு மதில்தான். ஒரு நாள் காலையில் அவளுக்கு வலி எடுத்தது, பொய்வலி. அக்கா கூடவே இருந்துவிட்டுத் தாமதமாகத்தான் வேலைக்குப் போனார். தண்ணீர் அழுத்தம் காட்டும் முள் அன்று என்றுமில்லாத உயரத்தில் நின்றது.

“இன்னைக்குத் தண்ணி நல்ல வேகமா இருக்கேக்கா,” என்றாளாம் ஆலையின் இன்ஜினியர் பெண். அக்காவுக்கும் அதே சந்தோஷம். கை நீட்டிப் பார்க்காமலே மூட்டிவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கீழே வடிகாலைப் பார்த்தார். தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. புகைபோக்கிக்குப் போகும் குழாயில் ஆறாத சூட்டில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. அப்போதுதான் புரிந்தது: தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு படிந்து முனைகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளியேற வழியில்லாத தண்ணீர் குழாய்க்குள் முட்டுவதைத்தான் முள் ஏறிக் காட்டியிருக்கிறது.

நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. திடீரென்று நிறுத்தினால் அடுப்புக்குள் சூடு தாங்கப் பதித்த கல் வெடித்துவிடும். இன்ஜினியர் பெண் அலுவலகத்துக்குப் போயிருந்தாள். மூட்டை ஏற்றுகிற சிடுமூஞ்சி குறுக்கே வந்து நின்றான்.

“அக்கா, மேடம் வரட்டும். கல்லு வெடிச்சா நம்ம யாருக்கும் வேலை இல்ல.”

“அவங்க வர்ற வரைக்கும் வெளிய போற விஷம் நிக்குமாடா?”

“நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே,” என்று சொல்லி அழுத்திவிட்டார்.

கல் வெடித்த சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. ஓடிவந்த இன்ஜினியர் பெண் ஒரு முனையைக் கழற்றிப் பார்த்தாள், வெள்ளையாக இறுகியிருந்தது.

“காலையில கை வச்சுப் பாத்தீங்களாக்கா?”

“இல்லம்மா.”

“நானும் கேக்கல,” என்று அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

ஆலை மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. சிடுமூஞ்சியின் மனைவி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அக்காவை அது வாட்டவில்லை. அழுத்துவதற்கு முன் எவ்வளவு வெளியே போயிருக்கும் என்பதுதான் அவரை அரித்தது. சரியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

பேரன் பிறந்தபோது அக்கா கதவருகிலேயே நின்றார்.

“விரலெல்லாம் சரியா இருக்காடி?”

“நீங்களே வந்து பாருங்கக்கா.”

வந்து உள்ளங்கையை நீட்டினார். குழந்தையின் பாதத்தை அதில் வைத்தேன். அக்காவின் உதடு அசைந்தது. கடவுள் கைவிடவில்லை என்று நான் சொன்னேன். அவர் அடுத்த பாதத்து விரல்களை எண்ணத் தொடங்கியிருந்தார்.

இப்போது அடுப்பு மறுபடி எரிகிறது. கை நீட்டிப் பார்த்த பிறகுதான் அக்கா முள்ளைப் பார்க்கிறார். பேரன் நன்றாக ஓடியாடுகிறான். ஆனாலும் அவன் இருமினால் போதும், சாப்பாட்டில் வைத்த கையை அக்கா எடுத்துவிடுவார். சாதாரண சளிதான் என்று டாக்டர் சொல்வார், நானும் சொல்வேன். கேட்டுக்கொண்டு எழுந்துபோய்க் கை கழுவுவார்.