காதுக்குள் பொரிந்த அப்பளம்

“...கதவு இன்னாத்துக்கு நைனா? ஜன்னல் வழியா பூந்து குந்திக்கோ. என் காதுல அப்பளம் பொரிக்கிறானுங்க, அத்த நீயே ஒரு தபா கேளு,” என்றார், நான் அண்ணாத்தே என்று கூப்பிடுகிறவர்.

கள்ளிக்குப்பத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். லீவு நாளில் பழைய கார் ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டுவார். தொண்ணூறுகளில் அவர் ஹெல்மெட்டுக்குள் கேட்கிற மாதிரி வயர்லெஸ் பொருத்தியது நான்தான். ரேடியோ ரிப்பேரை நானாகக் கற்றவன். வண்டி நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். இன்ஜின் உறுமினால் போச்சு. அப்பளம் என்றாரே, எந்தப் புத்தகமும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. பிளக் ஒயரில் தீப்பொறி கசிந்தால் அப்படித்தான் பொரியும்.

பூந்தமல்லி தாண்டி இருந்த பந்தயத் தடத்தில், பயிற்சி நாளன்று ஜன்னல் வழியே வண்டிக்குள் நுழைந்தேன். இரண்டு கதவுக்கும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். அவர் சீட்டைத் தவிர வேறு சீட் கிடையாது. அவருக்குப் பின்னால், இரும்புக் குழாய்களுக்கு நடுவே, வெறும் தகட்டில், முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். கையில் இன்னொரு வயர்லெஸ்.

இரண்டாவது சுற்றில் தொடை சில்லென்றது. தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல். முதுகுப் பக்கம் ஓடிய பெட்ரோல் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. காதில் அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பொரியும் ஒரு தீப்பொறி என்பது அந்த வண்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“அண்ணாத்தே, நிறுத்து! பெட்ரோலு ஊத்துது!” பட்டனை அழுத்திக் கத்தினேன். என் குரலோடு இன்ஜின் சத்தமும் சேர்ந்து போயிருக்க வேண்டும். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் மிதித்தார். தோளைத் தட்டலாமென்றால் நடுவில் குழாய், கை எட்டவில்லை.

சுற்றின் கடைசி வளைவில் அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஒரு மூச்சு நேரம் எல்லாச் சத்தமும் அடங்கியது. நான் சுதாரிப்பதற்குள் மறுபடி பொரிய ஆரம்பித்துவிட்டது. இன்னொரு முழுச் சுற்று, ஈர பேண்ட்டோடு, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வளைவுக்காகக் காத்திருந்தேன். வந்தது. கத்தவில்லை. கடையில் பேசுகிற குரலில், “பெட்ரோலு,” என்றேன்.

வண்டி புல்லில் இறங்கி நின்றது. இன்ஜினை அணைத்து வெளியே குதித்தவர், ஜன்னல் வழியே தலையை உள்ளே விட்டு என்னை அக்குளில் பிடித்து இழுத்துப் போட்டார். பேண்ட்டை முகர்ந்தார்.

“ஒரு சுத்து முழுக்க இதுலயா குந்திகினு இருந்தே?”

“நீதானே அண்ணாத்தே, கதவு இன்னாத்துக்குன்னே?”

வண்டி ஆறியதும் அவர் ஸ்பேனரைக் கொண்டுவந்து, மண்டியிட்டு, என் பக்கத்துக் கதவின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.