இருபத்தெட்டு, ஒன்றரை

டயர் மாட்டிய அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நான் இருந்தேன், அப்பா இருந்தார், அக்காவின் கணவரான மாமா இருந்தார். சைக்கிள் கடை பாய் மட்டும் இல்லை. ஒரு கல்யாணத்துக்காக வாணியம்பாடி போயிருந்தார். மறுநாள் சாயங்காலம்தான் வருவார். எனக்கோ மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாம்பலத்தில் வேலையில் சேர வேண்டும். மருந்துக் கம்பெனியில் பில் வசூலிக்கும் வேலை. மாதச் சம்பளம் பதினைந்து ரூபாய். சொந்த சைக்கிள் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சைக்கிள் இருந்தது. பழையது. பின்டயர் முந்தின நாள் கிழிந்துவிட்டது.

புது டயர் வாங்க, சக்கரத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு மவுண்ட் ரோட்டுக் கடைக்குப் போக எனக்கு வெட்கம். கிழிந்த டயரின் பக்கத்தில் 'இருபத்தெட்டு, ஒன்றரை' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், டயரை எடுத்துப் போட்டார். அதே எண்தானா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். பழைய டயரின் ஓரம் தடித்த ரப்பர் உதடாக இருந்தது. புதியதன் ஓரத்துக்குள் கம்பி ஓடியது விரலுக்குத் தெரிந்தது. உயர்ந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கால்வாய்க்கரையில் விறகு இறக்கிவிட்டு வந்த களைப்போடு அப்பா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். டயர் நெம்புகோல்கூட இல்லாமல் ஏறிவிட்டது.

"லேசா ஏறிச்சே, நல்லதுதானே?" என்றார் அப்பா.

"லூசா கீது நைனா," என்றார் மாமா. அவர் ஜட்கா ஓட்டுபவர். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை ஆட்டம் கொடுத்தால், மரத்துக்கும் பட்டைக்கும் நடுவே சாக்குத் துண்டை அடித்துத் தண்ணீர் ஊற்றுவார். ஊறிப் பிடித்துக்கொள்ளும். "இதுக்கு இன்னாத்துக்கு பாய்? நம்ப வண்டிக்குப் பண்றதுதான்."

"நம்பர் சரியா இருக்கு மாமா. ஓட ஓட உக்காந்துக்கும்," என்றேன்.

"நம்பர் உக்காந்துக்கும் மச்சான். நீ உழுந்துடாதே."

கடைசியில் கோணியைக் கிழித்து ரிம்மைச் சுற்றிக் கட்டி, நனைத்து, அதன்மேல் டயரை ஏற்றினோம். இறுக்கமாகத்தான் இருந்தது. காற்றடித்தோம். மூன்று பேருக்கும் திருப்தி.

மறுநாள் மயிலாப்பூர் வீட்டிலிருந்து லஸ் வரை ஒன்றும் இல்லை. தேனாம்பேட்டை வெற்றிலைத் தோட்டங்களைத் தாண்டும்போது பின்பக்கம் குதிக்க ஆரம்பித்தது. வெயிலில் கோணி காய்ந்து சுருங்கியிருக்க வேண்டும். இறங்கிப் பார்ப்பதற்குள் டயர் ரிம்மைவிட்டு ஏறி, டியூப் பிதுங்கி வெடித்தது. டயரின் ஓரம் பிரேக் கட்டையில் மாட்டிக் கிழிந்தது. சக்கரம் உருளவில்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். சக்கரத்தை மட்டும் தூக்க வெட்கப்பட்டவன்.

மானேஜரும் மயிலாப்பூர்தான், மாடவீதிக்காரர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பத்தே கால். என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, வண்டி உன்னைத் தூக்கிண்டு வரும்னுதானே வேலை கொடுத்தேன்? நீ அதைத் தூக்கிண்டு வந்து நிக்கறியே."

சைக்கிளைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன்.

"திங்கட்கிழமை வா. ஓட்டிண்டு வா. இல்லேன்னா வரவே வேண்டாம்."

திரும்பவும் மயிலாப்பூருக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சாயங்காலம் பாய் வந்து பூட்டைத் திறக்கும்போது கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் கோணித் துண்டை உருவினார், என்னைப் பார்த்தார், மறுபடி கோணியைப் பார்த்தார்.

"இன்னா நைனா, சைக்கிளுக்குக் கோவணம் கட்டிக்கீறே?"

பிறகு என் விரலைப் பிடித்து ரிம்மின் ஓரத்தில் வைத்தார். ஓரம் உள்பக்கமாகக் கொக்கி போல மடிந்திருந்தது. உதடு வைத்த டயர் அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டுதான் நிற்குமாம். கம்பி டயருக்கு ரிம்மே வேறு. எண் இரண்டிலும் ஒன்றுதான். "உதட்டு டயர் இப்ப வர்றதே கொறஞ்சி போச்சி. ரிம்மை மாத்திடு. நம்பரைப் படிச்சியே, ஓரத்தைத் தொட்டுப் பாத்தியா?"

இப்போது தொட்டுப் பார்த்தேன். கம்பியைத் தொட்டு உயர்ந்த சரக்கு என்று நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிறு முழுவதும் பாய் புது ரிம்முக்கு ஆரக்கம்பிகளைக் கோத்து முடுக்கினார். திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு மாம்பலத்தில் இருந்தேன், ஓட்டிக்கொண்டு போய். மானேஜர் தலையை மட்டும் ஆட்டினார். பில் கட்டு ஒன்றைக் கொடுத்து அடையாறுக்கு அனுப்பினார்.

அன்று வீடு திரும்பியபோது அப்பா கால் நீட்டிப் படுத்திருந்தார். மாமாவும் இருந்தார். சைக்கிளுக்குச் செலவான பணமெல்லாம் அவர் ஜட்காவின்மேல் கடன் வாங்கிக் கொடுத்தது. மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று அப்பா கேட்டார். வீட்டில் படித்தவன் நான் ஒருவன். நான்தான் சொல்ல வேண்டும். வீணான டயர், அதற்குப் பதில் வாங்கிய டயர், டியூப், ரிம், ஆரக்கம்பி, கூலி. ஒன்பது ரூபாய் பதினாலணா, பதினைந்து ரூபாய்ச் சம்பளத்தில்.