தோட்டத்துக்கு எவ்வளவு கேப்பீங்க, அம்மணி?

எந்தத் தொழிலிலும் வேலை தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தோட்ட வேலையில் மட்டும் கூலி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

குன்னூர்ப் பக்கம் வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மண் பழகிவிடும், எரு நாற்றம் பழகிவிடும், அட்டைக் கடிகூடப் பழகிவிடும். கேட்டைத் திறந்து உள்ளே போனதும் வருகிற 'எவ்வளவு கேப்பீங்க?' என்ற அந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் பழகவில்லை. கேட்கிற பக்கம் நின்றவர்களுக்கும் தெரியும், கொடுக்கிற பக்கம் நின்றவர்களுக்கும் தெரியும். நாமெல்லாம் ஒரே மழையில் நனைந்தவர்கள்தானே.

கூசிக் கேட்ட கூலி

நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். அங்கே கிடைத்தது போதாமல், தனியாகத் தோட்டம் பிடிக்கலாம் என்று கிளம்பினேன். முதலில் போனது வெலிங்டன் பக்கம், ராணுவத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டுக்கு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே மேகம் யாரையோ தேடுவதுபோல மெல்ல நடந்துகொண்டிருந்தது. அவர் ரோஜாச் செடிகளைக் காட்டிக்கொண்டே வந்தார். எதை எந்தக் கணுவுக்கு மேலே வெட்ட வேண்டும் என்று பார்த்தவுடனே என் கைக்குத் தெரிந்துவிட்டது.

"மாசம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டார். எங்கே வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில், நர்சரியில் வாங்கியதைவிடக் குறைத்துச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலரும் என்று பார்த்தால் சுருங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, இத்தனை மலிவா வைத்தியம் பாக்கறேன்னு ஒரு டாக்டர் சொன்னா, அவர்கிட்ட நான் உடம்பைக் காட்டுவேனா?"

பூவுக்கு இவ்வளவு

டாக்டர் தயவில் நல்ல சம்பளமே கிடைத்தது. கேட்கும் தைரியமும் வந்தது. அந்தத் தைரியத்தோடு ஒரு திருப்பூர்க்காரரிடம் போனேன். பனியன் கம்பெனி முதலாளி. கோடைக்கு வந்து தங்க இங்கே ஒரு வீடு வாங்கியிருந்தார். "பீஸுக்கு இவ்வளவுன்னுதானுங்க எங்க கம்பெனில கூலி. உங்களுக்கும் பூவுக்கு இவ்வளவுன்னு போட்டுக்கலாம். பூத்தாக் காசு, பூக்காட்டி இல்லீங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, வேலியோரம் முழுக்க ஹைட்ராஞ்சியா குச்சிகளை நட்டு வைத்தேன்.

சீசனுக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். வேலியோரம் நீல நீலமாகப் பூப்பந்துகள், வானம் கீழே வந்து உட்கார்ந்த மாதிரி. அவர் பந்துகளை எண்ணத் தொடங்கினார். அவர் மனைவி ஒரு பந்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, "இதுக்குள்ளாறயே நூத்துக்கணக்குல பூ இருக்குதுங்களே, எதை எண்ணறீங்க?" என்றார். மனுஷன் விடவில்லை, குனிந்து சின்னப் பூக்களை எண்ண ஆரம்பித்தார். பாதியில் மூடுபனி வந்து செடியை மறைத்தது. கணக்குத் தப்பியது. பனி விலகியதும் மறுபடி முதலிலிருந்து. அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து அந்த நீலத்தையே பார்த்தபடி சொன்னார்: "ஏனுங்க, எண்ணறதுக்கா மலையேறி வந்தோம்? அம்மணிக்கு மாசச் சம்பளத்தையே பேசிப்போட்டு, இப்படி வந்து உக்காருங்க."

சராசரி

ஒரு பெரிய பங்களாவில் செல்லையா அண்ணனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் சிறுவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. ஆனால் ஆம்பளை என்பதால் அவருக்குச் சம்பளம் கூட. இது தெரிந்ததும் என்னைவிட அவருக்குத்தான் பொறுக்கவில்லை. நேரே வீட்டுக்காரரிடம் போய், "கத்தரிக்கு ஆம்பிளைக் கை, பொம்பிளைக் கை தெரியாதுதானே ஐயா, ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளமாப் போடுங்க" என்று கேட்டார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நியாயம்தான்" என்றார்.

மாதம் முடிந்தது. நியாயம் எப்படி வந்தது தெரியுமா? அவர் சம்பளத்தில் கொஞ்சம் வெட்டி, என் சம்பளத்தில் சேர்த்து, இரண்டையும் சமமாக்கியிருந்தார்கள். எனக்குக் காசு கையில் சுட்டது. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் பீடியை அணைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் முன்பக்கத்து வேலியை வெட்டி மட்டமாக்க வேண்டிய வேலை. அண்ணன் என்னைத் தொட விடவில்லை. கேட்டிலிருந்து பாதி தூரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். மீதிப் பாதியை மார்பு உயரத்துக்கு விட்டுவிட்டார். பனிக்குள்ளிருந்து காப்பிக் கோப்பையோடு வந்த வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அண்ணனுக்கு வேலை போய்விட்டது என்றே நான் நினைத்தேன். வீட்டுக்காரர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த மாதத்திலிருந்து இரண்டு பேருக்கும் அண்ணனுடைய பழைய சம்பளம். அவரை அப்படிச் சிரிக்க வைத்தது, அண்ணன் கத்தரியைத் துடைத்தபடி சொன்ன சொல்: "சராசரியாப் பாருங்க ஐயா, உயரம் சரியாத்தானே இருக்குது."

தூங்குகிற செடிக்கு

அவலாஞ்சி போகிற ரோட்டில் ஒரு டீச்சரம்மா வீடு. தனியாள். செலவில் கெட்டி. மார்கழி பிறந்ததும், "குளிர்காலம் முழுக்கச் செடி தூங்கத்தானே போகுது? பாதிச் சம்பளம் போதுமில்ல?" என்றார். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் செடியிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? மலைச்சரிவில் தானாக வளர்கிற மிலார்ப் புதர்களை வெட்டி வந்து, பூச்செடிகளுக்குக் குடிசை மாதிரி சாத்தி வைத்தேன். அந்தக் குளிருக்கு அங்கேயே பின்னறையில் தங்கி, வெயில் வருமுன் எழுந்து, இலையில் படிந்த உறைபனிமேல் பூவாளியால் தண்ணீர் தெளித்துக் கரைத்தேன். வெயில் முந்திக்கொண்டால் இலை கருகிவிடும்.

ஒரு காலை டீச்சரம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல வெள்ளை. புகை மாதிரி ஆவி எழும்பி, சூரியன் அதற்குள் பால் நிறத்தில் மிதந்தது. எதிர்வீட்டுச் செடிகளெல்லாம் கருகித் தொங்கின. நம் வீட்டு ஜெரேனியம் மட்டும் குடிசைக்குள்ளிருந்து சிவப்பாக எட்டிப் பார்த்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விறைத்துப்போன என் விரல்களைத் தன் சால்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்: "தூங்கற பிள்ளைக்குப் போத்தி விட்டுட்டு முழிச்சிருக்கறவளுக்கா நான் பாதிச் சம்பளம்னு சொன்னேன்?"

சொல்வதற்குக் கூலி

மலை ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீடு. தோட்டம் அவர் மனைவி வைத்தது. அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு இவருக்குப் பார்வையும் மங்கிவிட்டது. வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் வேலை முடித்துக் கை கழுவும் சத்தம் கேட்டதும், "இன்னைக்கு என்ன பூத்திருக்கு?" என்பார். பஸ் போய்விடும் என்ற அவசரத்தில், ஒரு காலைப் படியில் வைத்தபடியே சொல்வேன்.

"ஓடையோரம் வெள்ளை லில்லிங்க. குடம் மாதிரி விரிஞ்சு, உள்ள மழைத்தண்ணி நிக்குது. அதுல ஒரு எறும்பு நீந்துதுங்க."

"தப்பிச்சுதா?"

"புல்லைப் போட்டு ஏத்தி விட்டேனுங்க."

அவர் முகம் அப்படியே ஒளிரும். அந்த ஓடையோரம் யாரோடோ நிற்கிற முகம் அது. ஒரு சம்பள நாளில் இரண்டு கவர் நீட்டினார். ஒன்று தோட்ட வேலைக்கு. இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். "சொல்றதுக்கு" என்றார். "பூத்ததைப் பூத்துதுன்னு சொல்றதுக்குக் காசு வாங்கினா ஊர் சிரிக்குமுங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவர் வாங்கவில்லை. எதிரே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி, தோட்டத்தை ஒவ்வொரு பாத்தியாக நனைத்துக்கொண்டு வந்தது. அந்தக் குளிர்ச்சி வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "வாங்கிக்கம்மா. சும்மா சொன்னா நின்னுக்கிட்டே சொல்லிட்டு ஓடிருவே. கூலி வாங்கினா உக்காந்து நிதானமாச் சொல்லுவே."

தோட்டக்காரிக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பேரம் பேசுகிற நேரத்துக்குள் களை ஒரு விரற்கடை வளர்ந்துவிடுகிறது, அதற்கு மட்டும் யாரும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.