தவளையும் மூன்று தரைகளும்

பார்சல் கிடங்கின் பெண்கள் கூடைப்பந்து அணியில் அவளுக்குத் தவளை என்று பெயர். கேலிக்காக வைத்த பெயர்தான். அவளோ ஏதோ பட்டம் கொடுத்ததுபோல் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். ஆள் குள்ளம். ஆனால் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காக நெட்டைப் பெண்கள் கையை உயர்த்துவதற்குள் இவள் மேலே போய் அதைப் பறித்துக்கொண்டு வந்துவிடுவாள். பகலெல்லாம் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிற வேலை. யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கூடைப்பந்து ஆடறேன், நடுவுல பெட்டி அடுக்கறேன்" என்பாள். திமிர் என்றால் திமிர்தான். எனக்குப் பிடித்த திமிர்.

அந்தத் திமிருக்கு ஒரு நாள் முழங்காலில் அடி விழுந்தது. அறுவை சிகிச்சை வரைக்கும் போனது. குணமாகித் திரும்பியபோது சாப்பாட்டு அறையில் ஒருத்தி, "இனிமே தவளை தத்தித் தத்திதான் நடக்கும்" என்று சிரித்தது காதில் விழுந்தது. சுருக்கென்றது. இனிக் குதிக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் அணியில் இடம் சும்மா கிடைக்காது. தேர்வு ஆட்டத்தில் ஆடிக் காட்ட வேண்டும். கோட்டை விட்டால் அவளுடைய இடம் புதிதாக வந்த நெட்டைப் பெண்ணுக்குப் போய்விடும்.

பயிற்சியாளரை எல்லோரும் விசில் என்பார்கள். பேசுவதைவிட ஊதுவது அதிகம். அவர் குதிப்புப் பயிற்சியைத் தரைவாரியாகப் பிரித்துக் கொடுத்தார். முதலில் மணல், பிறகு புல், கடைசியில் ஆடுகளத்தைப் போன்ற மரத்தரை. மணலில் குதித்தால் விழுகிற அடியை மணலே வாங்கிக்கொள்ளும், மூட்டு வலிக்காது. அங்கேதான் தவளை ஏமாந்தாள். வலியில்லாத சுகத்தில் மணலை விட்டு நகரவே மனம் வரவில்லை. தொடை உரமேறியது, மூச்சிரைப்பு நின்றது. புல்லாவது மரமாவது என்று மணலிலேயே குதித்துத் தள்ளிவிட்டு, நேராகப் பயிற்சி ஆட்டத்துக்குப் போய் நின்றாள்.

அவள் எம்பியபோதெல்லாம் பந்து வேறு யாருடைய கையிலாவது இருந்தது.

விசில் அவளை ஓரமாக அழைத்தார். "மணல் உன்னக் கெடுத்துடுச்சும்மா. அங்க கால் புதைஞ்சு, அப்புறம்தான எழும்பற? அந்தப் பழக்கம் கால்ல ஒட்டிக்கிச்சு. மரத்துல கால் பட்ட உடனே கிளம்பணும், சுடற தரைய மிதிச்ச மாதிரி."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு மறுநாளே பூங்காவின் புல்லுக்கு இறங்கினாள். புல் பழகியதும் மரம் வேண்டும். ஆடுகளமோ ஆட்டம் இல்லாத நாளில் பூட்டியே கிடக்கும். வீட்டு மாடியறைக்குப் பலகைத் தரை. அங்கே ஒரு முக்காலியைப் போட்டு, அதிலிருந்து இறங்கி, கால் பட்டதும் எம்பினாள். வீடே அதிர்ந்தது.

நேர் கீழேதான் அவளுடைய நாத்தனாரின் தையல் அறை. கணவனுக்கு அக்கா, வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள். துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்துவிட்டு, மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள்.

"என்னடி, மூட்டை எறக்கறியா? ஊசி கையில குத்துது!"

"மெத்துன்னு விழணும் அண்ணி. சரியா வரல. சத்தம் வந்தா அடி முழுக்க முட்டிக்குப் போகுதுன்னு அர்த்தம்."

நாத்தனார் அவளுடைய முழங்கால் தழும்பைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நீ குதி. கீழ நான் கேட்டுக்கறேன்."

அன்றிலிருந்து கூரைக்குக் கீழே ஒரு நீதிபதி உட்கார்ந்தாள். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். சத்தம் வந்தால் துடைப்பக் கட்டை இடிக்கும். தவளை மறுபடி ஏறி இறங்குவாள். ஈவு இரக்கமே கிடையாது. போகப் போக இடி குறைந்தது. பிறகு கீழேயிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. நீதிபதிக்கு அலுத்துவிட்டது என்று தவளை நினைத்துக்கொண்டாள்.

தேர்வு ஆட்டத்துக்கு நாத்தனாரும் ஒரு பையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஆட்டத்தின் கடைசி நிமிடம். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. நெட்டைப் பெண்ணும் தவளையும் ஒன்றாக எம்பினார்கள். இரண்டு கைகளிலும் பட்டு அது மறுபடி மேலே போனது. நெட்டைப் பெண் இறங்கி, முழங்காலை மடக்கி, மறுபடி எழும்பப் பார்த்தாள். அதற்குள் தவளை தரையைத் தொட்ட வேகத்திலேயே மேலே இருந்தாள். பந்தைப் பிடித்தாள். இறங்கினாள். முழங்கால் முணுமுணுக்கக்கூட இல்லை.

விசில் ஊதவே மறந்து நின்றார். "உன் இடம் உனக்குத்தாம்மா" என்று அவர் சொன்னதும், தவளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாத்தனாரிடம் ஓடினாள். நாத்தனார் பையிலிருந்து அணியின் சட்டையை எடுத்து நீட்டினாள். முதுகில் 'தவளை' என்று கெட்டி நூலில் தைத்திருந்தது.

"இத எப்ப அண்ணி தெச்சீங்க? நான் தேறாம போயிருந்தா?"

"ஒரு நாள் மேல ஆள் இருக்காளா இல்லையான்னே தெரியாம போச்சுல்ல, அன்னிக்கே தெச்சுட்டேன்" என்றாள் நாத்தனார்.