குழிக்குள் இறங்க ஒருவர்

ஈரானின் காஷான் நகரில் கூலர் பழுது பார்க்கும் யதொல்லாவின் கால் படாத மொட்டைமாடி குறைவு. கோடை தொடங்கும் முன்பே ஏறிவிடுவார். உளுத்துப்போன மரச்சீவல் தட்டிகளைப் பிடுங்கி எறிவார், உப்புப் படிந்த தொட்டியைச் சுரண்டுவார், பம்பைக் கழற்றி மூத்த மகள் மஹ்லகாவிடம் நீட்டுவார். அம்மா இல்லாத வீடு. ஒன்பது வயதிலிருந்து ஏணியின் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான். மோட்டாருக்குச் சுருள் கட்டக் கற்றாள். மின்பொறியியல் படித்து ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அப்பாவோடு ஏறினாள்.

"இவ இருக்கா. பையன் இல்லாத குறையே தெரியல" என்பார் யதொல்லா. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டினாள்.

மகளாகவே வளர்ந்த இளைய பிள்ளை இருபத்து மூன்றாம் வயதில், மதியச் சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்து சொன்னான்: "நான் பொண்ணு இல்லப்பா. என்னைக்குமே இல்ல. இனிமே சியாமக்னு கூப்பிடுங்க."

யதொல்லா ரொட்டியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். எட்டு மாதம் பேசவில்லை. அவருடைய தம்பி ஹொஜ்ஜத் வாசலில் நின்றபடியே, "அது இருக்குற வீட்டுல டீ கூடக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆணாக மாற அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்கும் மருத்துவர்களிடமும் சியாமக்கைக் கூட்டிப்போனவள் மஹ்லகா. அப்போது அவளுக்கு அவன்மேல் இரக்கம்தான் இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், யாரும் அழைக்காமலே யதொல்லா பஸ் ஏறி தெஹ்ரானுக்கு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்தார். ஒரு வெள்ளரிக்காயைத் தோல் சீவி, உப்புத் தூவி, சியாமக்கின் கையில் வைத்தார். மஹ்லகா கதவோரம் நின்று அழுதாள்.

ஆண் என்று பதிந்த புதிய அடையாளப் புத்தகம் கைக்கு வந்த நாளில்தான் பொறாமை வந்தது. யதொல்லா இரண்டு பெட்டி பாதாம் இனிப்பு வாங்கிச் சந்து முழுக்கக் கதவு தட்டினார். "கடவுள் தாமதமாக் குடுத்தாரு. ஆனா குடுத்துட்டாரு! எனக்குப் பையன்!"

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "அப்போ இத்தனை வருஷம் பம்பு தூக்குனது யாருய்யா?"

"அது மஹ்லகா. பாவம், பொண்ணாப் பொறந்தும் தூக்குனா."

இனிப்புத் தட்டை ஏந்தியபடி அவள் பின்னாலேயே நின்றிருந்தாள்.

சியாமக் இனிப்புக்கடையில் மாவு பிசைகிறவன். ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது. ஆனாலும் பக்கவாதத்தில் படுத்த அப்பாவின் முகம், மாலையில் அவன் குரல் கேட்டால்தான் மலரும். இரண்டு வருடம் குளிப்பாட்டியவள், ஊட்டியவள், துணி மாற்றியவள் பக்கத்திலேயே இருப்பாள். "என் பையன் வந்துட்டான்" என்று அவளிடமே சொல்வார். சியாமக்கின் தாடியை அவள் வெறுத்தாள். அதற்காக அவன் பட்ட பாடு தெரியும். தெரிந்தும் வெறுத்தாள்.

வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில் யதொல்லா இறந்தார். மய்யவாடியில் ஆண்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். முல்லா ஓதும்போது ஒருவர் உள்ளே இறங்கி, இறந்தவரின் தோள்களைப் பிடித்து ஆட்ட வேண்டும். கல்லறையில் வானவர்கள் வந்து கேட்கும் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்று முல்லா ஓதுவது அவருக்குக் கேட்க வேண்டுமே.

சியாமக் செருப்பைக் கழற்றினான். ஹொஜ்ஜத் குறுக்கே வந்தார்.

"நில்லு. மகன் இறங்கணும். மகன் இல்லேன்னா தம்பி. நான் இருக்கேன்."

"சித்தப்பா, நான்..."

"நீ பொம்பளைங்க பக்கம் போ."

"யாராவது இறங்குங்கப்பா, வெயில் ஏறுது" என்றார் முல்லா.

ஹொஜ்ஜத் திரும்பினார். "மஹ்லகா, நீ மூத்தவ. படிச்சவ. நீயே சொல்லு. எங்க அண்ணனுக்கு மகன் உண்டா, இல்லையா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சியாமக்கும்.

இல்லை என்று சொன்னால் போதும். சந்தில் கொடுத்த இனிப்பெல்லாம் பொய்யாகிவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது ஹொஜ்ஜத் சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக அப்பாவைத் தொடாத கைகள். கடைசியாகத் தொடப்போவது அவையா? சியாமக்மேல் இருந்ததைவிடப் பெரிய பொறாமை அந்தக் கைகள்மேல் வந்தது.

"உண்டு. உங்க முன்னாடிதான் நிக்கிறான். வழி விடுங்க சித்தப்பா."

சியாமக் இறங்கினான். தூங்குகிறவரை எழுப்புவது போல மெல்ல ஆட்டினான்.

"பலமா ஆட்டுடா!" மஹ்லகா பெண்களை விலக்கிக்கொண்டு குழியின் விளிம்புக்கே வந்துவிட்டாள். "மேல இருக்கறது இடது காது. அது அவருக்குக் கேக்காது. அதுகூடத் தெரியாதா உனக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் மண். "தெரியாதுக்கா."

அவளுக்குத் தெரிந்திருந்தது. மண் தள்ளி முடியும்வரை அந்த நினைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.