சவுக்காரத் துண்டுக்கும் வரி

அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மிளகாய் வற்றல் கமிஷன் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நான். விற்பனை வரியை எதிர்த்து வியாபாரிகள் கடையடைத்துவிட்டார்கள். மூட்டை வராவிட்டால் கூலி இல்லை. நரிக்குடிப் பக்கம் நெல் அறுப்பு இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், கிளம்பிவிட்டேன். ஓரிடத்தில் நிற்கிற கால் அப்போது எனக்கு இல்லை.

உடம்பெல்லாம் வற்றல் தூசி. வேர்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது. திருச்சுழி தாண்டி ஒரு மளிகைக்கடை. அதுவும் அடைப்புதான், ஆனால் கடைக்கார அண்ணாச்சி ஒரே ஒரு பலகையை எடுத்து வைத்திருந்தார். அந்தச் சந்து வழியே ஒரு துண்டு சவுக்காரம் வாங்கினேன். கண்மாயில் சோப்புப் போட்டுக் குளிக்கலாம் என்று நினைப்பு.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. டவுன் வியாபாரிகள் அன்று அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம், டிரைவர் முணுமுணுத்தான்.

அண்ணாச்சி சந்து வழியே தலையை நீட்டினார். "ஐயா, ஒரே வார்த்தை. சட்டசபையில எந்திரிச்சு இந்த வரி ஆகாதுன்னு சொல்லிருங்க. எங்க ஆளுக ஓட்டு ஒண்ணு சிந்தாது. சொல்லலைன்னா ஒண்ணு விழாது."

"மூட்டைக்கு இவ்வளவுன்னு மகமை எடுத்து வைக்கீகளே அண்ணாச்சி, யாரு வந்து மிரட்டுனா?" என்றார் எம்.எல்.ஏ.

மகமை என்பது வியாபாரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வரி. விற்கிற சரக்கில் ஒரு சிறு பங்கு பொதுக் காரியத்துக்குப் போகும்.

"மகமையில எங்க பள்ளிக்கூடம் நிக்குது, கிணறு நிக்குது. உங்க வரி எங்கய்யா நிக்குது? காட்டுங்க, கும்பிட்டுக் குடுக்கேன்."

எம்.எல்.ஏ. ரோட்டைப் பார்த்தார். பள்ளம்தான் இருந்தது. "நியாயமான கேள்விதான். இப்ப எங்கிட்டப் பதில் இல்ல," என்றார். பிறகு என்னைக் காட்டினார். "இந்தா நிக்கானே, இவன் சவுக்காரத்துக்கு வரியச் சேத்துத்தான வெலை வாங்குனீக? அது இவன் குடுத்தது. உங்க துட்டு இல்ல. உப்புக்கும் புளிக்கும் போடாத, காரு வச்சிருக்கவனுக்குப் போடுன்னு கேளுங்க, நானும் கூட நிக்கேன். வரியே ஆகாதுன்னா நிக்க மாட்டேன்."

நிலம் இருக்கிறவர்கள் கட்டுவதுதான் வரி என்று அதுவரை நினைத்திருந்தேன். கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே, நீயும் வரிதாரனாம்ல! நாற்காலி போடவா?"

"நாற்காலி வேண்டாம் அண்ணாச்சி. பில்லு போட்டுக் குடுங்க."

"துண்டுச் சவுக்காரத்துக்குப் பில்லா? அந்தக் காயிதம் சவுக்காரத்த விட வெலை சாஸ்தி, போலே!"

எம்.எல்.ஏ.வும் சிரித்தார். ஜீப்பில் ஏறும்போது அண்ணாச்சி மறுபடி கேட்டார்: "அப்ப ஓட்டு?"

"அது உங்க இஷ்டம். வரி ஆகாதுன்னு நான் சொல்லப்போறதில்ல. வாரேன்."

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். ஓட்டுக் கேட்க வேண்டிய இடத்திலேயே பதில் இல்லை என்று ஒத்துக்கொண்ட ஆளைப் பிற்பாடு எத்தனையோ ஊர்களில் தேடியிருக்கிறேன். இன்றும் வற்றல் நெடி மூக்கில் ஏறினால் அந்த ஒற்றைப் பலகைச் சந்தும் இருவர் சிரிப்பும் ஞாபகம் வரும்.

நரிக்குடிப் பக்கம் அறுப்புக்கு ஆள் நிறைந்திருந்தது. மறுநாள் காலை ரோட்டில் ஜல்லி போடும் வேலைக்குச் சேர்ந்தேன். சர்க்கார் வேலை. அண்ணாச்சியைக் கூட்டிவந்து, 'இந்தா, என் வரி இங்க நிக்குது' என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. அதற்குள் மேஸ்திரி கத்தினார்.

"ஜல்லிய மெல்லிசா விரிலே! மேல செம்மண்ண அள்ளிப் போடு. எவன் தோண்டிப் பாக்கப் போறான்?"

அண்ணாச்சி தோண்டிப் பார்ப்பார். ஜல்லிக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.